லெவோ என்றால் இடது

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை அட்டை பிரிக்கப்படுகிறது. காலை ஏழு மணி, பகல் பன்னிரண்டரை, இரவு ஏழரை. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக. என் மனைவிக்கு நடுக்குவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. முதலில் நடுங்கியது வலது கை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினாள். கேட்டதற்கு, "முட்டி வலிக்குதுங்க, குனிய முடியல" என்றாள். முட்டி காரணமில்லை என்று இருவருக்குமே தெரியும். புள்ளி வைப்பாள், இழை இழுக்கும்போது கோடு கோணிக்கொண்டு போகும். அதை அவளால் பார்க்க முடியவில்லை.

மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் இரவு அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, லெவோடோப்பா, லெவோடோப்பான்னு போட்டிருக்கே, லெவோன்னா என்னங்க?"

பள்ளியில் பிரெஞ்சோடு கொஞ்சம் லத்தீனும் படித்த பெருமையில் உடனே சொன்னேன். "இடதுன்னு அர்த்தம்மா."

"இடதா? மாத்திரைக்குக் கூடவா சோத்துக்கை, பீச்சாங்கைன்னு இருக்கு?"

சிரித்தேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சில மாதங்கள் படித்தேன். படித்ததை அவளுக்குச் சொன்ன அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். இந்த வலைப்பதிவைப் படிக்கும் பலர் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டிலும் லெவோ என்று தொடங்கும் மாத்திரை ஏதாவது இருக்கும்: தைராய்டுக்கு லெவோதைராக்சின், சளிக்கு லெவோசெட்ரிசின். ரத்த அழுத்த மாத்திரைகளில் எஸ் என்ற எழுத்தோடு ஒரு அம்லோடிபின் வருகிறது. அந்த எஸ்ஸும் லத்தீனில் இடது என்ற சொல்லின் முதல் எழுத்துதான்.

இந்தக் கேள்வி என்னைச் சும்மா விடாததற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரன். ஆத்தா சோறு பிசைந்து தட்டில் வைத்தால் இடது கைதான் நீளும். புறங்கையில் ஒரு அடி விழும். பள்ளியில் சேர்ந்த பிறகு அடிப்பதற்கு அடிக்கோல் வந்தது. பிரெஞ்சில் இடது என்பதற்கு 'கோஷ்' என்று சொல். அதே சொல்லுக்கு அசடு, பாங்கு தெரியாதவன் என்றும் பொருள். வலது என்பதற்கு 'த்ருவா'. அதற்கு நேர், சட்டம், உரிமை என்றெல்லாம் நல்ல பொருள்கள். ஆசிரியர் என்னை 'கோஷ்' என்று கூப்பிட்டபோது எந்தப் பொருளில் கூப்பிட்டார் என்று யோசிக்கவே தேவையில்லை. ஒரே வருடத்தில் வலது கைக்கு மாறினேன். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியது அந்த வலது கைதான். ஆனால் மாங்காய் நறுக்கவும், பூட்டைத் திறக்கவும், மாத்திரையைப் பிதுக்கவும் இன்றைக்கும் இடது கைதான் முந்துகிறது.

சரி, மாத்திரைக்கு ஏது கை?

நம் இரண்டு கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஐந்து விரல், அதே நீளம், அதே வரிசை. ஆனாலும் வலது கை உறையை இடது கையில் மாட்ட முடியாது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றின் மேல் மற்றொன்றை அப்படியே பொருத்திவைக்க முடியாது. மூலக்கூறுகளிலும் இப்படி ஜோடிகள் உண்டு. ஒரு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால்களுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வண்ணம் அடிக்கிறோம். மேலிருந்து பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை கடிகார முள் சுற்றும் பக்கமாகவும் வரலாம், எதிர்ப் பக்கமாகவும் வரலாம். அதே மரம், அதே வண்ணங்கள். ஆனால் முக்காலி இரண்டு விதம். கரி அணுவுக்கு நான்கு பிணைப்புகள். அந்த நான்கிலும் வெவ்வேறு பொருள் ஒட்டிக்கொண்டால் இதே போல இரண்டு விதம் கிடைக்கும். 1874 இல் ஹாலந்தில் வான்ட் ஹாஃப் என்பவரும், பிரான்சில் லெ பெல் என்பவரும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். இருவருமே அப்போது முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள்.

வித்தியாசம் வெறும் காகிதத்தில் இல்லை. மூக்கே கண்டுபிடித்துவிடும். புதினாவின் மணத்துக்கு முக்கியக் காரணம் கார்வோன் என்ற எண்ணெய்ப் பொருள். பிள்ளை பெற்றவளுக்கு மருந்தில் சேர்க்கிறோமே சதகுப்பை, அதன் மணத்துக்கும் காரணம் கார்வோன்தான். அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, இணைப்பு அதே. ஒன்று இடக்கை, மற்றது வலக்கை. அவ்வளவுதான் வேறுபாடு. புதினாவையும் சதகுப்பையையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலும் யாராவது மாற்றிச் சொல்வார்களா?

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் லூயி பஸ்தேர். நம்மூரில் பாஸ்டர் என்போம். பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பஸ்தேர், வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்ட தாடிக்காரர். நாய்க்கடி என்றால் குன்னூர் பாஸ்டர் நிலையத்து ஊசி என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் நாய்க்கடி மருந்துக்கு முப்பத்தேழு வருடம் முன்பு, இருபத்தைந்து வயதில் அவர் செய்த வேலையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்தேர் தோல் பதனிடுபவரின் மகன். வளர்ந்தது ஜுரா என்ற திராட்சை விளையும் வட்டாரம். திராட்சை மதுப் பீப்பாய்களின் உள்ளே உப்பு மாதிரி ஒன்று படியும். அதிலிருந்து எடுப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்பும் பெரும்பாலும் இதே அமிலம்தான். ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியை இந்த அமிலக் கரைசலின் வழியாக அனுப்பினால், அந்தத் தளம் வலப்பக்கமாகத் திரும்பும். ஆல்சாஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் அதே கூறுகள் கொண்ட இன்னொரு அமிலம் கிடைத்தது. அது ஒளியைத் திருப்பவே இல்லை. இரண்டும் எல்லா விதத்திலும் ஒன்று, ஒளி விஷயத்தில் மட்டும் வேறு என்று 1844 இல் மிட்ஷர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதினார். மாணவராக இருந்த பஸ்தேருக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எல்லாம் ஒன்று என்றால் அது மட்டும் ஏன் வேறு?

1848 இல், பாரிசில், அந்த இரண்டாவது அமிலத்தின் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். படிகங்களின் ஓரத்தில் சின்னச் சின்னச் சாய்வு முகங்கள். சில படிகங்களில் அவை வலப்பக்கம் சாய்ந்திருந்தன, சிலவற்றில் இடப்பக்கம். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலைக் கரைத்தார்: ஒளி வலப்பக்கம் திரும்பியது. மற்றதைக் கரைத்தார்: இடப்பக்கம் திரும்பியது. இரண்டையும் சம அளவு கலந்தார்: திரும்பவே இல்லை. ஒரே பொருள் என்று எல்லோரும் நினைத்தது, உண்மையில் வலக்கையும் இடக்கையும் சமமாகக் கலந்த கலவை.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை. அந்த உப்பு ஏறக்குறைய 27 டிகிரி வெப்பத்துக்குக் கீழே படிந்தால்தான் இடம், வலம் என்று தனித்தனிப் படிகமாகும். அதற்கு மேலே போனால் இரண்டும் சேர்ந்த ஒரே படிகமாகிவிடும். பஸ்தேர் நம் புதுச்சேரியில் சித்திரை மாதம் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். அப்போது ஒளி திரும்பும் விஷயத்தில் பெரிய அறிஞர் ழான் பத்தீஸ்த் பியோ. அவருக்கு வயது 74. இன்றைக்கு என் வயது. சின்னப் பையன் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. அமிலத்தைத் தாமே கொடுத்தார். தம் கண் முன்னால் உப்பைத் தயாரிக்கச் சொன்னார். கரைசலைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். படிகமானதும் பஸ்தேரை வரவழைத்துப் பொறுக்கச் சொல்லி, கரைத்து அளப்பதைத் தாமே செய்தார். காலமெல்லாம் கோப்புகளைச் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சரிபார்ப்பது என்றால் இதுதான். இடப்பக்கக் கரைசலை வைத்துப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கிழவர் பையனின் கையைப் பிடித்துக்கொண்டார்; வாழ்நாளெல்லாம் அறிவியலை நேசித்தவனுக்கு இது நெஞ்சைப் படபடக்க வைக்கிறது என்ற பொருளில் நெகிழ்ந்து பேசினார். சந்தேகப்பட்டவரே சந்தோஷப்பட்டார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. எனக்கு அப்படிப்பட்ட மேலதிகாரி ஒருவரோ இருவரோதான் வாய்த்தார்கள்.

சில வருடம் கழித்து பஸ்தேர் இன்னொன்றையும் கவனித்தார். கலவை அமிலத்தில் பூஞ்சணம் பிடித்தால், அது வலப்பக்க அமிலத்தை மட்டும் தின்கிறது. இடப்பக்க அமிலத்தை அப்படியே விட்டுவிடுகிறது. பூஞ்சணத்துக்கு எது எந்தக் கை என்று தெரிகிறது! சோதனைக் குடுவையில் நாம் செய்யும் பொருளில் இரண்டும் சரிபாதி. உயிர் செய்யும் பொருளில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இதுதான் உயிருள்ளதையும் உயிரற்றதையும் பிரிக்கும் கோடு என்று அவர் நினைத்தார்.

பின்னால் வந்தவர்கள் அதை விரிவாகக் கண்டார்கள். நம் உடம்பின் புரதங்களைக் கட்டுவதற்கு 20 அமினோ அமிலங்கள். அதில் கிளைசின் என்ற ஒன்றுக்குக் கையே இல்லை. மீதி 19 உம் இடக்கை. மரபணுவில் உள்ள சர்க்கரையோ வலக்கை. நமக்கு மட்டுமில்லை, வேப்பமரம், நெத்திலி மீன், தயிரில் உள்ள கிருமி, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கிருமிகளின் சுவரில் வலக்கை அமினோ அமிலம் கொஞ்சம் இருப்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் புரதம் கட்டும் வேலையில் எல்லா உயிரும் ஒரே பக்கம்.

மனைவியின் மாத்திரைக்கு வருகிறேன். நடுக்குவாதத்தில் மூளையில் டோப்பமின் என்ற பொருள் குறைகிறது. அதை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது, வாசலிலேயே நின்றுவிடும். டோப்பா என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால், மற்ற அமினோ அமிலங்கள் போகும் வழியாக உள்ளே போய், அங்கே டோப்பமினாக மாறுகிறது. அதே வழியில் பருப்பு, முட்டையிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் நெரிசல் பண்ணும் என்பதால்தான் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்கிறார்கள். ஆனால் மாற்றிக் கொடுக்கும் நொதி இடக்கை டோப்பாவைத்தான் ஏற்கும். 1967 இல் கோட்சியாஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இரண்டும் கலந்த டோப்பாவை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். அசைய முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. பிறகு இடக்கை டோப்பாவை மட்டும் கொடுத்தபோது பாதி அளவே போதுமானதாக இருந்தது. அதனால்தான் அட்டையில் 'லெவோ'.

செடிகளுக்கு இந்தச் சிரமமே இல்லை. நம் ஊர்ப் பூனைக்காலி விதையில் டோப்பா நிறைய இருக்கிறது, அது முழுக்க இடக்கை. 1937 இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலியை அரைத்துக் குடிக்க வேண்டாம். அளவு தெரியாமல் போனால் ஆபத்து. தொழிற்சாலையில் இடக்கை டோப்பாவை மட்டும் நேராகச் செய்யும் வழியைக் கண்ட அமெரிக்கர் நோல்ஸுக்கு 2001 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பூனைக்காலிக் கொடி வேலியோரத்தில் சும்மா செய்யும் வேலைக்கு நாம் நோபல் பரிசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதும் மனைவி கேட்டாள்: "எல்லாம் சரிங்க. ஏன் இடது? வலது ஆகாதா?"

இதுதான் பெரிய கேள்வி. பஸ்தேரே இதில் மல்லுக்கட்டினார். பெரிய காந்தங்களை வைத்துப் பார்த்தார். சூரியன் எதிர்ப்பக்கம் போவது போல வெளிச்சத்தைத் திருப்பிச் செடி வளர்த்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

இன்றைக்கு மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதலாவது, இயற்கையின் விதியிலேயே ஒரு சாய்வு. 1957 இல் வூ என்ற சீனப் பெண் விஞ்ஞானி அமெரிக்காவில் கோபால்ட் அணுக்களை வைத்துச் செய்த சோதனையில், அணுவுக்குள் நடக்கும் ஒரு வகைச் சிதைவில் இயற்கை இடம் வலம் பார்க்கிறது என்று தெரிந்தது. ஆனால் அதனால் இடக்கை, வலக்கை மூலக்கூறுகளுக்கு நடுவே வரும் வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. அது மட்டும் போதுமா என்பது சந்தேகம்.

இரண்டாவது, வானத்திலிருந்து வந்தது. 1969 செப்டம்பர் 28 ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. பூமியின் உயிர்களிடம் சாதாரணமாகக் காணாத சில வகைகளிலும் இடக்கை சில விழுக்காடு அதிகம் என்று 1997 இல் அறிவித்தார்கள். ஆகா, பூமி பிறந்தபோதே இடக்கைக்கு ஒரு சாதகம் இருந்திருக்கிறது என்று பலர் நம்பினார்கள். ஆனால் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 இல் நாசா விண்கலம் மண்ணைக் கொண்டுவந்தது. உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. இடமும் வலமும் ஏறத்தாழச் சரிபாதி! 2025 ஜனவரியில் இந்த முடிவு வந்ததும், விண்கல்லை நம்பியிருந்தவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

மூன்றாவது, தற்செயல். எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது. 1953 இல் ஃபிராங்க் என்ற ஆங்கிலேயர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு மூலக்கூறு தன்னைப் போன்றதையே மேலும் உண்டாக்க வேண்டும், தன் எதிர்க் கையைக் கெடுக்கவும் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம் போதும்; கடைசியில் ஒரு பக்கமே எல்லாமாகிவிடும். 1995 இல் ஜப்பானில் சோவாய் என்பவர், சின்ன வித்தியாசம் இப்படிப் பெருகும் ஒரு வேதிவினையை நிஜமாகவே செய்து காட்டினார். அதற்கு முன்பே, 1990 இல், கொண்டெபுடி என்ற விஞ்ஞானி சோடியம் குளோரேட் என்ற உப்பை வைத்து எளிமையான சோதனை ஒன்றைச் செய்திருந்தார். கரைசலைச் சும்மா விட்டால் இடம், வலம் படிகங்கள் ஏறத்தாழச் சரிபாதி. கலக்கிக்கொண்டே இருந்தால் அநேகமாக எல்லாமே ஒரே கை. முதலில் உண்டான படிகம் துண்டு துண்டாக உடைந்து பரவி, மற்றவற்றுக்கு விதையாகிவிடுகிறது. அந்த முதல் படிகம் எந்தக் கை என்பது ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கல்தான்.

மனைவிக்கு இதைச் சாலையை வைத்துச் சொன்னேன். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, பிரான்சில் வலப்பக்கம். எது உசத்தி? எதுவுமில்லை. ஆனால் ஒரே சாலையில் பாதிப் பேர் இப்படியும் பாதிப் பேர் அப்படியும் போனால் என்ன ஆகும்? ஸ்வீடன் நாடு 1967 செப்டம்பர் 3 ஆம் தேதி ஒரே நாளில் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. நாடே சேர்ந்து மாறினால்தான் முடியும். ஒருத்தர் மட்டும் மாறினால் விபத்து. புரதமும் அப்படித்தான். இடக்கை அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் அழகாகச் சுருண்டு மடியும். நடுவில் ஒரு வலக்கை புகுந்தால் அந்த இடத்தில் மடிப்பு கெட்டுவிடும். எல்லாமே வலக்கையாக இருந்திருந்தாலும் உயிர் இதே போல நடந்திருக்கும், கண்ணாடிக்குள் நடப்பது போல. இரண்டும் கலந்திருந்தால்தான் நடந்திருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது ஒரு பழிவாங்கிய திருப்தி. இடது அபசகுனம், வலதுதான் மங்களம் என்று என் புறங்கையில் அடித்தார்களே, அவர்கள் உடம்பிலிருந்த ஒவ்வொரு புரதமும் இடக்கை! ஆனால் யோசிக்க யோசிக்க அந்தத் திருப்தி கரைந்துவிட்டது. ஏனென்றால் இடக்கை என்பதும் நாம் வைத்த பெயர்தானே? நம்மூர் வலம்புரிச் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான இடம்புரிகளுக்கு நடுவே அபூர்வமாகக் கிடைப்பது. மேல்நாட்டுச் சங்கு ஆராய்ச்சியாளர்கள் அதே சங்கைத் தலைகீழாகப் பிடித்து இடம்புரி என்கிறார்கள். சங்கு ஒன்றுதான், பிடிக்கும் விதம் வேறு. மூலக்கூறிலும் இதே கதை. 1891 இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானியர், எது எந்தக் கை என்று கண்டறிய வழியில்லாததால், இது இப்படி என்று வைத்துக்கொள்வோம் என எழுதினார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அறுபது வருடம் கழித்து, 1951 இல், பைஃபூட் என்ற டச்சுக்காரர் எக்ஸ் கதிரை வைத்துச் சரிபார்த்தார். பஸ்தேரின் அதே டார்டாரிக் அமிலத்தின் உப்புதான். ஃபிஷரின் ஊகம் அதிர்ஷ்டவசமாகச் சரியாக இருந்தது.

என்னை அடித்தவர்கள் தப்பு செய்தது வேறு இடத்தில். மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால்தான் உடம்பு நடக்கும். சாலையில் எல்லாரும் ஒரே பக்கமாகப் போனால்தான் ஊர் நடக்கும். ஆனால் ஒரு பிள்ளை எந்தக் கையால் எழுதினாலும் எதுவும் நிற்காது. எது எல்லாரும் ஒத்துப்போக வேண்டிய விஷயம், எது தேவையில்லாத விஷயம் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியவில்லை. காரணம் இல்லாத வழக்கம் எல்லாம் வீண் என்று இளமையில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. உயிரின் முதல் வழக்கத்துக்கே காரணம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அதை விட்டால் உயிர் இல்லை.

கடைசியாக ஒன்று. இது வயதானவர்களுக்கான செய்தி. இடக்கை அமினோ அமிலம் இடக்கையாகவே என்றும் இருப்பதில்லை. சும்மா விட்டால் மெதுவாக ஒன்றிரண்டு வலப்பக்கம் புரளும். நீண்ட காலம் விட்டால் சரிபாதியாகிவிடும், உயிர் தோன்றுவதற்கு முன்னால் இருந்தது போல. இறந்த எலும்பில் இந்தப் புரள்வை அளந்து காலத்தைக் கணிக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது உடம்பு பழைய புரதத்தை அழித்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருப்பதால் இடக்கை நிலைக்கிறது. ஆனால் பல்லிலும் கண்ணின் வில்லையிலும் உள்ள புரதம் அப்படிப் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால் நம் சொந்தப் பல்லில், நாம் உயிரோடு இருக்கும்போதே, வருடத்துக்குக் கொஞ்சமாக இடது வலதாகிக்கொண்டிருக்கிறது. பல்லைப் பார்த்து வயதைக் கணிக்க இதையும் ஒரு வழியாக வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ யார் ஆரம்பிச்சு வெச்சாங்கன்னு தெரியாது. ஆனா தினம் தினம் விடாம செஞ்சுகிட்டே இருந்தாத்தான் நிக்கும். அப்படித்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன். நான் மாதக்கணக்கில் படித்ததை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை எழுந்து வந்து பார்த்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குனிந்து, கோலப்பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் பொடி. அவளுக்கு இடப்பக்கம் இன்னும் அவ்வளவாக நடுங்கவில்லை. "எப்படிங்க பிடிக்கணும்? உங்களுக்குத்தான் பீச்சாங்கை பழக்கமாச்சே" என்றாள். எனக்குக் கோலம் போடத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையில் பொடியை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எப்படி விடுவது என்று காட்டினேன். என் இடது கையைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மூன்று புள்ளி, மூன்று வரிசை. இழை கொஞ்சம் கோணல்தான். அழிக்கவில்லை.

ஏழரை ஆகப்போகிறது. மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த பதிவில் பார்ப்போம்.